ஒமேகா 561, ரோலக்ஸ் 1570, ஐடபிள்யூசி 8541, யூனிவர்சல் மைக்ரோரோட்டர்: பழைய ஆட்டோமேட்டிக் வாங்கணும்னா எந்த மெஷின்?

கை அசைவுல தானா சாவி ஏறுற பழைய ஸ்விஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒண்ணு வாங்கணும்னு ஆசை வந்துட்டா எல்லாரும் முதல்ல பாக்குறது டயலை, அடுத்து பேரை, அதுக்கப்புறம் விலையை, மெஷினை கடைசியாத்தான் பாக்குறாங்க, சில பேர் அதையும் பாக்குறதில்ல. என் கணக்குல இது அப்படியே தலைகீழ். அம்பது அறுபது வருஷம் ஓடின ஒரு பொருளை காசு கொடுத்து வாங்குறோம், அது இன்னும் இருபது வருஷம் ஓடுமா ஓடாதாங்கறதை முடிவு பண்றது உள்ள இருக்கிற மூவ்மென்ட், அதாவது மெஷின்தான். அதுலயும் குறிப்பா ரோட்டர், அதாவது கை அசையும்போது சுத்துற எடை, அது சுத்துறதை வாட்சை ஓட்டுற மெயின் ஸ்பிரிங்குக்கு கொண்டுபோய் சேக்குற அந்த சின்ன ஏற்பாடு இருக்கே, ஆட்டோமேட்டிக்ல பெரும்பாலும் முதல்ல தேயுறது அதுதான். ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு விதமா செஞ்சாங்க, அதனால தேய்மானமும் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு இடத்துல வரும். அதை வச்சே நாலு மெஷினையும் பாப்போம்.

நான் எடுத்துக்கிட்டது நாலும் 1950கள், 60கள் காலத்து சரக்கு. ஒமேகா கான்ஸ்டலேஷன்ல வர்ற 551, 561, 564 குடும்பம், ரோலக்ஸ் 1570, ஐடபிள்யூசியோட பெல்லட்டன் (அதை உருவாக்கினவர் பேரு) மெஷின்கள் 853, 8541, யூனிவர்சல் ஜெனீவோட, சின்ன ரோட்டர் வச்ச மைக்ரோரோட்டர் 215, 69. பாடெக் 12-600ஏடிய ஏன் சேக்கலன்னு கேப்பீங்க. 1953ல வந்த பாடெக்கோட முதல் ஆட்டோமேட்டிக், கோலம் போட்ட மாதிரி கோடு கோடா செதுக்கின தங்க ரோட்டர், அழகுல அதுக்கு ஈடே கிடையாது, ஆனா அதை வாங்குற வசதி இருக்கிறவங்க இந்த மாதிரி கட்டுரை படிச்சு முடிவு எடுக்கப்போறதில்ல. ஜேகர் லெகுல்ட்ர் 920ம் அதே கதைதான், 1967ல வந்தது, டேட் இல்லாம வெறும் 2.45 மில்லிமீட்டர் தடிமன், ஆடெமார் பிகேவோட ராயல் ஓக்குக்கும் பாடெக்கோட நாட்டிலஸுக்கும் உள்ள போனது அதோட வாரிசுதான், செஞ்ச கம்பெனி மட்டும் தன் பேர்ல ஒரு வாட்ச்லயும் போட்டுக்கல.

கொஞ்சம் பழங்கதை, இல்லைன்னா மத்தது புரியாது. கைக்கடிகாரத்துல தானா சாவி ஏறுற ஏற்பாட்டை முதல்ல விக்கிற அளவுக்கு கொண்டுவந்தவர் ஜான் ஹார்வுட்ங்கிற ஆங்கிலேயர், 1924ல ஸ்விஸ் பேடன்ட் வாங்கினார். அவரோட வாட்ச்ல எடை முழு வட்டம் சுத்தாது, கொஞ்ச தூரம் போய் ஸ்பிரிங்ல மோதி திரும்பி வரும், அதனால அந்த ரகத்துக்கு பம்பர்னு பேரு. 1931ல ரோலக்ஸ் முழு வட்டம் சுத்துற ரோட்டருக்கு பேடன்ட் எடுத்துட்டாங்க, பெர்பெச்சுவல்னு இன்னைக்கும் டயல்ல எழுதுறாங்களே, அது அங்க ஆரம்பிச்சதுதான். அந்த பேடன்ட்டுக்கு பயந்து மத்த கம்பெனிங்க பல பேரு ரொம்ப காலம் பம்பர்லயே ஓட்டினாங்க, ஒமேகாவும் 1943ல கொண்டுவந்தது பம்பர்தான். 1942ல ஃபெல்சா பைடைனேட்டர் ரெண்டு பக்கம் சுத்தினாலும் சாவி ஏறுற மாதிரி செஞ்சுச்சு. 1948ல எடர்னா ரோட்டரை பால் பேரிங்ல உக்கார வச்சாங்க, அவங்க லோகோவுல இருக்கிற அஞ்சு குண்டு அதுதான். இன்னைக்கு புதுசா ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கினா உள்ள பெரும்பாலும் பால் பேரிங் இருக்கும். ஆனா இங்க பாக்கப்போற பழைய ஜாம்பவான்கள் அந்த வழிக்கே போகல, ஒவ்வொருத்தரும் தனக்குன்னு ஒரு வழி வச்சிருந்தாங்க, அதுதான் சுவாரசியமும், தலைவலியும்.

முதல்ல ஒமேகா. கான்ஸ்டலேஷன் 1952ல வந்தது, அதுக்கு முன்னாடி 1948ல கம்பெனி நூறாவது வருஷத்துக்கு ஒரு குரோனோமீட்டர் (துல்லியத்துக்கு சான்றிதழ் வாங்கின) ஆட்டோமேட்டிக் விட்டாங்க, அதுக்கு கிடைச்ச வரவேற்பை பாத்துதான் இதை நிரந்தர மாடலா ஆக்கினாங்க. ஆரம்பத்துல உள்ள பம்பர் 352, 354. 1955 வாக்குல முழு ரோட்டர் 500 வரிசை, 50களோட கடைசியில 550 வரிசை. நமக்கு வேண்டியது இந்த 550 வரிசை. 551 டேட் இல்லாதது, 561 டேட் உள்ளது, 564 டேட்டை சீக்கிரம் மாத்துற வசதியோட வர்றது, மூணுமே 24 ஜுவல் (தேய்மானம் குறைக்க வைக்கிற கல்), மூணுமே குரோனோமீட்டர், மணிக்கு 19,800 துடிப்பு. பின்மூடியை கழட்டினா செம்பு நிறத்துல மின்னும், முன்னும் பின்னும் ஆடி டைம் வைக்கிற பேலன்ஸ் வீல் பக்கத்துல அன்னப்பறவை கழுத்து மாதிரி வளைஞ்ச ஒரு ஸ்பிரிங் இருக்கும், ஒரு சின்ன ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினா வேகத்தை கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் நகரும், அவ்வளவு நுணுக்கமா டைம் வைக்கலாம்.

இதுல தேயுற இடம் ரோட்டர் நடு அச்சும் அது உக்காந்திருக்கிற புஷ்ஷும். பால் பேரிங் கிடையாது, உலோகத்து மேல உலோகம் சுத்துது, நடுவுல எண்ணெய் இருக்கிற வரைக்கும் பிரச்சனை இல்ல, எண்ணெய் காஞ்சும் வருஷக்கணக்கா போட்டுக்கிட்டு திரிஞ்சா புஷ் ஓவலா தேஞ்சு ரோட்டர் தொங்க ஆரம்பிக்கும். கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, பின்மூடியோட உள்பக்கத்தை பாருங்க, அரைவட்டமா கீறல் இருந்தா ரோட்டர் ரொம்ப நாளா உரசிக்கிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம். காதுகிட்ட வச்சு மெதுவா ஆட்டினா ஒரு சொரசொர சத்தம் கேக்கும். இதை சரி பண்ண முடியும், புஷ் மாத்தலாம், விஷயம் தெரிஞ்ச மெக்கானிக்குக்கு இது தினசரி வேலை. இந்த குடும்பத்தோட பெரிய பலமே அங்கதான் இருக்கு, ஒமேகா இதை எக்கச்சக்கமா செஞ்சாங்க, கான்ஸ்டலேஷன் மட்டும் இல்ல, சீமாஸ்டர்ல வர்ற 552, 562, 565 எல்லாம் இதே உடம்புதான், குரோனோமீட்டர் சான்றிதழ் மட்டும் இருக்காது. அதனால டோனர்னு சொல்வாங்களே, பார்ட்ஸுக்காகவே வாங்குற செத்த மெஷின், அது உலகம் பூரா கிடைக்குது. கம்பெனி வெளி மெக்கானிக்குக்கு லேசுல பார்ட்ஸ் தர்றதில்லைங்கிற இந்த காலத்துல இதை விட பெரிய தகுதி வேற என்ன வேணும்.

டேட் விஷயத்துல 561க்கும் 564க்கும் வித்தியாசம் தெரிஞ்சு வாங்குங்க. 561ல டேட் மாத்தணும்னா முள்ளை பன்னெண்டு தாண்டி கொண்டுபோய், பின்னாடி திருப்பி, மறுபடி பன்னெண்டு தாண்டணும், வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் கட்டுறவங்களுக்கு எரிச்சலா இருக்கும். 564, 565 ரெண்டுலயும் கிரவுனை, அதாவது சாவி கொடுக்கிற குமிழை, கடைசி நிலைக்கும் மேல ஒரு இழுப்பு இழுத்தா டக்குன்னு ஒரு தேதி மாறும். வசதிதான், ஆனா ராத்திரி பத்து பதினொண்ணு மணி வாக்குல முள் இருக்கும்போது அந்த வேலை வேண்டாம், அந்த நேரத்துல டேட் வீல் ஏற்கனவே நகர ஆரம்பிச்சிருக்கும், அப்ப பலவந்தமா இழுத்தா பல் போகும்.

ஒமேகாவுல உண்மையான ஆபத்து மெஷின் இல்ல, டயல். பை பேன்னு சொல்ற பன்னெண்டு பக்கம் சரிஞ்ச அந்த டயலுக்கு மவுசு ஜாஸ்தி, அதனால மறுபடி பெயின்ட் அடிச்ச டயல் சந்தையில கொட்டிக்கிடக்கு. நம்ம நாட்டுல இருந்து போற ரீடயல் சரக்குக்கு வெளிநாட்டு கலெக்டர்கள் பம்பாய் ஸ்பெஷல்னு பட்டப்பேரே வச்சிருக்காங்க, கேக்க கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா இல்லைன்னும் சொல்ல முடியாது. எழுத்து தடிச்சு இருந்தா, சரிவுல நிமிஷக் கோடு ஒழுங்கா உக்காரலைன்னா, அறுபது வருஷ டயல் நேத்து அடிச்ச மாதிரி பளபளன்னு இருந்தா, வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பி காசை நீட்டிடாதீங்க. இன்னொரு இடம் பின்மூடி. அங்க ஒரு வானிலை ஆய்வுக் கூடமும் மேல எட்டு நட்சத்திரமும் பதிச்ச மெடாலியன் இருக்கும். நட்சத்திரத்தோட முனை கூர்மையா நின்னா அந்த கேஸ் அதிகம் பாலிஷ் சக்கரத்துக்கு போகலைன்னு எடுத்துக்கலாம், மழுங்கி புள்ளி மாதிரி ஆயிருந்தா மேல பட்டை மாட்டுற லக்குல இருக்கிற விளிம்பும் போயிருக்கும், ஒண்ணைப் பாத்தாலே இன்னொண்ணு தெரிஞ்சிடும். மூவ்மென்ட்ல இருக்கிற சீரியல் நம்பரையும் பாருங்க, 2 கோடியை ஒட்டின நம்பர்னா 60களோட முதல் பாதி, 2 கோடியே 40 லட்சத்தை ஒட்டினா அந்த பத்தாண்டோட பின்பாதி. விக்கிறவர் 1958னு சொல்லி நம்பர் 2.4 கோடியில இருந்தா கேஸ் ஒண்ணு மெஷின் ஒண்ணு.

ரோலக்ஸ் 1570. இதைப் பத்தி பேசினாலே ரெண்டு கட்சி ஆயிடும், ஒரு கட்சிக்கு இதை விட்டா உலகத்துல மெஷினே கிடையாது, இன்னொரு கட்சிக்கு ரோலக்ஸ்னா வெறும் பந்தா. ரெண்டுமே தப்பு. 1959ல 1560, அது 18,000 துடிப்பு, 1965ல 1570, அதை 19,800 ஆக்கினாங்க, டேட் உள்ளது 1575. ரெகுலேட்டர் முள்ளே இதுல கிடையாது. பேலன்ஸை ஆட வைக்கிற ஹேர் ஸ்பிரிங்கோட நீளத்தை கூட்டிக் குறைக்கிறதுக்கு பதிலா பேலன்ஸ் வீல் வளையத்துக்கு உள்பக்கமா மைக்ரோஸ்டெல்லான்னு குட்டி குட்டி நட்டு வச்சிருக்காங்க, அதுக்குன்னு தனி சாவி இருக்கு, நட்டை உள்ள தள்ளினா வேகம் கூடும், வெளிய தள்ளினா குறையும். ஹேர் ஸ்பிரிங் மேல எழும்பி வளைஞ்ச பிரெகே வகை. இதனால என்ன லாபம்னா ஒருதடவை சரியா வச்சிட்டா அதிர்ச்சியில ரெகுலேட்டர் நகர்ந்துடுச்சுங்கிற பேச்சே இருக்காது, வாட்ச் எந்தப் பக்கம் கிடந்தாலும் டைம் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். நாலுல டைம் பிடிக்கிறதுல எது உசத்தின்னு என்னைக் கேட்டா யோசிக்காம இதைத்தான் சொல்லுவேன்.

சாவி ஏத்துற பக்கம் பாத்தா சிவப்பு நிறத்துல ரெண்டு ரிவர்சர் வீல், அதைப் பாத்தாலே ரோலக்ஸ்னு தெரியும். ரோட்டர் எந்தப் பக்கம் சுத்தினாலும் அந்த ரெண்டும் சேர்ந்து ஒரே பக்கமா மாத்திக் கொடுத்துடும். தேயுற இடம் ஒமேகா மாதிரியே ரோட்டர் அச்சுதான், இங்கயும் பால் பேரிங் இல்ல, அச்சுல ஒரு கிளிப் போட்டு பிடிச்சிருக்காங்க, தேஞ்சா ரோட்டர் தொங்கி ஒரு பக்கம் பின்மூடியையும் இன்னொரு பக்கம் பிரிட்ஜையும் சுரண்டும். அச்சு மாத்துறதுக்கு பழையதை பிதுக்கி எடுத்து புதுசை அடிச்சு விரிக்கணும், சரியான கருவி இல்லாம செஞ்சு ரோட்டரையே கெடுத்து வச்சிருக்கிற கேஸ் நிறைய பாக்கலாம். விக்கிறவர்கிட்ட பிரிட்ஜோட விளிம்பு தெரியிற மாதிரி போட்டோ கேளுங்க, தங்க வெளிச்சமா பித்தளை தெரிஞ்சா மேல்பூச்சு உரசிப் போயிருக்கு.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும், டேட் உள்ள வாட்ச்னு வாங்கிட்டு பின்னாடி திறந்தா பிரிட்ஜ்ல 1570னு இருக்கும், ஏமாத்திட்டாங்கன்னு பதறுவாங்க. பதற வேண்டாம். 1575ல அதே 1570 பிரிட்ஜைத்தான் பெரும்பாலும் போட்டாங்க. 1601, 1603 டேட்ஜஸ்ட், 1675 ஜிஎம்டி எல்லாம் அப்படித்தான். டேட்டை சீக்கிரம் மாத்துற வசதி இதுல கிடையாது, அது 1977ல 3035 வந்த பிறகுதான் வந்தது. செகண்ட் முள் நிக்கிற வசதியும் 70களோட ஆரம்பத்துலதான் சேத்தாங்க, அதனால 60கள்னு சொல்லி விக்கிற வாட்ச்ல கிரவுனை இழுத்ததும் செகண்ட் முள் நின்னா ஒரு கேள்வி கேட்டு வைங்க.

அப்ப ஏன் இதை எல்லாருக்கும் சொல்லலைன்னா, விலை. நீங்க கொடுக்கிற காசுல பெரும்பங்கு மெஷினுக்கு போகல, கேஸ் மேல இருக்கிற கிரீடத்துக்கு போகுது. அதே 1570 ஒரு எக்ஸ்ப்ளோரர் 1016ல இருந்தா ஒரு விலை, சாதா ஆய்ஸ்டர் பெர்பெச்சுவல் டேட்ல அதோட சகோதரன் 1575 இருந்தா அதுல சின்ன பங்கு விலை, உள்ள ஓடுறது கிட்டத்தட்ட ஒண்ணுதான். மெஷினுக்காக ரோலக்ஸ் வேணும்னு மனசு சொன்னா 34 மில்லிமீட்டர் டேட் மாடலுக்கு போங்க, மணிக்கட்டு மெலிசா இருக்கிற ஆளுக்கு அது பாக்கவும் நல்லா இருக்கும், பெரிய வாட்ச்தான் ஆம்பளைத்தனம்னு நினைக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்ல.

இப்ப ஐடபிள்யூசி. என்னோட பாரபட்சம் இங்க தெரிஞ்சிடும், மறைக்கப்போறதில்ல. கம்பெனி 1868ல ஃப்ளோரன்டைன் அரியோஸ்டோ ஜோன்ஸ்ங்கிற அமெரிக்கர் ஷாஃப்ஹவுசன்ல ஆரம்பிச்சது, அதாவது ஸ்விட்சர்லாந்துலயே மத்த வாட்ச் ஊர்ங்க பெரும்பாலும் பிரெஞ்சு பேசுற மேற்கு பக்கம் இருக்கும்போது இது ஜெர்மன் பேசுற பக்கம் ரைன் நதிக்கரையில. 1944ல ஆல்பர்ட் பெல்லட்டன் அங்க டெக்னிக்கல் டைரக்டரா வந்தார். அவர் கைபட்ட கலிபர் 89 கைச்சாவி மெஷின் இன்னைக்கும் தனி ரசிகர் கூட்டத்தோட இருக்கு. ஆனா அவர் பேரை நிலைக்க வச்சது 1946ல பேடன்ட் எடுத்த சாவி ஏத்துற முறைதான், 1950ல கலிபர் 85ல வந்தது.

மத்தவங்க எல்லாம் ரோட்டர்ல இருந்து பல் சக்கரம், அதுல இருந்து ரிவர்சர், அதுல இருந்து இன்னொரு சக்கரம்னு போனாங்க. பெல்லட்டன் ரோட்டருக்கு அடியில பல் சக்கரமே வைக்கல, இதயம் மாதிரி ஒரு பக்கம் புடைச்ச ஒரு கேம் வச்சார். அதுக்கு ரெண்டு பக்கமும் ரூபி உருளை ரெண்டு, அது ரெண்டும் ஒரு ஆடுற சட்டத்துல. ரோட்டர் எந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலும் கேம் உருளையை தள்ளும், சட்டம் ஆடும், சட்டத்துல மாட்டியிருக்கிற ரெண்டு கொக்கி பாவல் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஒரு நுணுக்கமான பல்லு வச்ச சக்கரத்தை இழுக்கும். கிணத்துல ரெண்டு கையும் மாத்தி மாத்தி கயிறு இழுக்கிறோமே, ஒரு கை இழுக்கும்போது இன்னொரு கை மேல போய் பிடிச்சு தயாரா இருக்குமே, அச்சு அசல் அதுதான். இதுல வீணாப் போற அசைவு ரொம்ப கம்மி, மேஜையில உக்காந்து டைப் அடிக்கிறவங்க கையிலகூட நல்லா ஏறும். ரோட்டரையும் சும்மா விடல, அதோட கை வளைஞ்சு ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் கொடுக்கும், கீழ விழுந்தா அதிர்ச்சியை அதுவே உள்வாங்கும்.

வெளிய ஓட்டை இல்லாத மூடிக்குள்ள, வாங்குறவன் வாழ்நாள்ல பாக்கவே போறதில்லைன்னு தெரிஞ்சும் இவ்வளவு யோசிச்சு செஞ்சிருக்காங்க. ஹேர் ஸ்பிரிங் இங்கயும் பிரெகே, 853 வரைக்கும் 18,000 துடிப்பு, 854, 8541 வந்தப்ப 19,800. 1955ல வந்த இன்ஜினியர் 666ல 852 இருந்தது, சுத்தி மெல்லிய இரும்பு உறை போட்டு 80,000 ஆம்பியர் பர் மீட்டர் காந்தப்புலத்தை தாங்குற மாதிரி செஞ்சாங்க. போன், லேப்டாப், பை பட்டன் காந்தம்னு இந்த காலத்துல வாட்ச் காந்தம் ஏறி ஒரு நாளைக்கு பல நிமிஷம் முன்னாடி ஓடுறது சர்வசாதாரணம், அப்ப இந்த இரும்பு உறை உண்மையிலயே பிரயோஜனப்படும். 1967ல வந்த யாட் கிளப்ல மெஷினையே அதிர்ச்சி தாங்குற மவுன்ட்ல உக்கார வச்சாங்க.

குறைன்னா, பாவலும் அது இழுக்கிற சக்கரமும். அங்க எண்ணெய் கொஞ்சம் தப்பினாலும் பல்லு முனை தேஞ்சு ரம்பம் மழுங்கின மாதிரி ஆயிடும், அப்புறம் ரோட்டர் சுத்தும், சாவி ஏறாது. அந்த சக்கரம் மாத்துறது ஒமேகா புஷ் மாத்துற மாதிரி லேசான விஷயம் இல்ல, பார்ட் கிடைக்கிறதும் கஷ்டம், கிடைச்சாலும் விலை குத்தும். ஐடபிள்யூசி 1868ல இருந்து செஞ்ச எந்த வாட்சா இருந்தாலும் சர்வீஸ் பண்ணித் தர்றதா சொல்றாங்க, அது ஆறுதல்தான், ஆனா ஸ்விட்சர்லாந்து போய் வர்ற பில் வாட்ச் விலையை தொட்டுடலாம். சோதிக்கிறது எப்படின்னா, நின்னு போன வாட்சை எடுத்து கிரவுன்ல சாவி கொடுக்காம, கையில வச்சு ரோட்டர் சுத்துற மாதிரி ஒரு நிமிஷம் ஆட்டிட்டு மேஜையில வைங்க. நல்ல பெல்லட்டன் கொஞ்ச நேரமாவது உற்சாகமா ஓடும். நாலைஞ்சு துடிப்புல நின்னா பாவல் பிடிக்கல.

நாலாவது யூனிவர்சல். கதை இதுலதான் ரொம்ப ருசி. ஸ்காண்டிநேவிய கம்பெனியான எஸ்ஏஎஸ் விமானம் வட துருவம் மேல பறக்க ஆரம்பிச்ச காலம், 1954, அதுக்கான போல்ரூட்டர் வாட்சை வரைஞ்சது இருபதுகளோட ஆரம்பத்துல இருந்த ஜெரால்ட் ஜென்டா, பின்னாடி ராயல் ஓக்கும் நாட்டிலஸும் வரைஞ்ச அதே ஜென்டா. போல்ரூட்டரோட முதல் சில வாட்ச்ல பம்பர் 138எஸ்எஸ், அடுத்து வந்துச்சு 215 மைக்ரோரோட்டர். ரோட்டரை மெஷின் மேல ஏத்தி வைக்காம, சின்னதாக்கி, மத்த பிரிட்ஜ் இருக்கிற அதே தளத்துல ஒரு குழி தோண்டி உக்கார வச்சாங்க. அதனால ஆட்டோமேட்டிக்கே மெலிசாச்சு, பின்னாடி கலிபர் 66ல 2.5 மில்லிமீட்டருக்கு வந்துட்டாங்க. ஆனா இதே யோசனை பியூரன் கம்பெனிக்கும் வந்திருந்தது, அவங்க 1954லயே மனு போட்டுட்டாங்க, யூனிவர்சல் 1955ல, வழக்கு இழுபறியாகி கடைசியில யூனிவர்சல் பியூரனுக்கு ராயல்டி கட்ட வேண்டியதாச்சு. பழைய 215ல பேடன்ட் நிலுவையில் இருக்குன்னு அர்த்தம் வர்ற ஆங்கில வரி பொறிச்சிருக்கிறது அந்த சண்டைக்கு நடுவுல செஞ்ச சரக்கு.

அழகு, வரலாறு, மெலிசு, மூணுலயும் முதல் இடம். ஓட்டத்துல அப்படி சொல்ல முடியாது. சின்ன ரோட்டர்னா எடை கம்மி, சுத்துற விட்டம் கம்மி, ஆக சாவி ஏத்துற பலமும் கம்மி, அதனால எண்ணெய் கொஞ்சம் கெட்டியானாலும், பேரிங் கொஞ்சம் தேஞ்சாலும் மத்த மூணும் சமாளிக்கிற இடத்துல இது சோர்ந்துடும். 69 வந்தப்ப நிறைய சரி பண்ணாங்க, ரெண்டுல ஒண்ணுன்னா 69 உள்ளதையே எடுங்க. பேட்டரியில ஓடுற குவார்ட்ஸ் வாட்ச் வந்து கம்பெனி நொடிஞ்சு பல கை மாறினதுல பார்ட்ஸ் சங்கிலி அறுந்தே போச்சு. 2023 டிசம்பர்ல பிரைட்லிங் இந்த பேரை வாங்கினாங்க, அதோட பழைய போல்ரூட்டர் மேல கண்ணு பட்டு விலை ஏறுது, அதுக்காக 215க்கு தேஞ்ச பார்ட் நாளைக்கே கிடைச்சிடும்னு அர்த்தம் இல்ல.

நாலுக்கும் பொதுவான ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா இதை யாரும் சோதிக்கிறதே இல்ல. கைச்சாவி வாட்ச்ல மெயின் ஸ்பிரிங்கோட வெளி நுனி டப்பாவுல மாட்டியிருக்கும், முழுசா ஏறினா கிரவுன் நின்னுடும். ஆட்டோமேட்டிக்ல அப்படி மாட்டினா ரோட்டர் இழுத்து எதையாவது பிச்சிடும், அதனால நுனியில ஒரு தடிச்ச துண்டு வச்சு டப்பா சுவத்துல அழுத்தி மட்டும் நிறுத்துவாங்க, முழுசா ஏறினதும் அது வழுக்கும். எந்த இடத்துல வழுக்கணும்னு தீர்மானிக்கிறது அங்க தடவுற தனி கிரீஸ். சர்வீஸ் பண்ணினவர் கையில கிடைச்ச சாதா கிரீஸை தடவிட்டா பாதி ஏறும்போதே வழுக்கும், வாட்ச் நல்லாத்தான் ஓடும், டைமும் சரியா இருக்கும், ஆனா ராத்திரி கழட்டி வச்சா காலையில நின்னிருக்கும். ரோட்டர் போச்சு, ரிவர்சர் போச்சுன்னு செலவு பண்ணுவாங்க, கோளாறு ஒரு சொட்டு கிரீஸ். அதனால டைம்கிராஃபர், அதாவது துடிப்பை கேட்டு அளக்கிற கருவியோட ரீடிங் மட்டும் பாத்து திருப்தி ஆகாதீங்க, அதுல டயல் மேல பாத்து வச்சா ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் ஆடுற கோணம்) 250 டிகிரிக்கு மேல வந்தா சந்தோஷம், ஆனா கூடவே முழுசா சாவி ஏத்தி எத்தனை மணி நேரம் ஓடுதுன்னும் கேளுங்க, ஒரு முழு நாள் தாண்டி நல்லா ஓடணும்.

நம்ம கடலோர ஊர்ல இருக்கிறவங்க இன்னொண்ணும் யோசிக்கணும், வேர்வையும் உப்புக்காத்தும். அறுபது வருஷத்து கேஸ்கட்டை நம்பி வாட்டர்ப்ரூஃப்னு நினைக்க முடியாது, ரோலக்ஸ் ஸ்க்ரூ கிரவுன்கூட கேஸ்கட் புதுசா மாத்தினா மட்டும்தான் தாக்குப்பிடிக்கும். மே மாசத்துல பஸ்ல போறவங்க இதை தினசரி கட்டுறது வாட்சுக்கு செய்யிற துரோகம்.

சரி, முடிவு. முதல் தடவை பழைய ஆட்டோமேட்டிக் வாங்குறீங்க, பக்கத்துல நம்பிக்கையான ஒரு மெக்கானிக் இருக்கார், ஆனா அவர் ஸ்விஸ் கம்பெனியோட அதிகாரபூர்வ ஆள் இல்லைன்னா, ஒமேகா, யோசிக்கவே வேண்டாம். டேட் வேணும்னா 564, வேண்டாம்னா 551, டயல் மட்டும் அசலா இருக்கணும். கான்ஸ்டலேஷன் விலை எட்டலைன்னா சீமாஸ்டர்ல 552 இல்ல 565, பேரு ஒரு படி கம்மி, மெஷின் அதே ரத்தம். ஆனா சீமாஸ்டர் டிவில் சிலதுல கேஸ் ஒரே துண்டு, பின்மூடியே கிடையாது, கண்ணாடியை எடுத்து முன்பக்கமாத்தான் மெஷினை வெளிய எடுக்கணும், சாவித்தண்டு ரெண்டு துண்டா இருக்கும், அது தெரியாம இழுத்து பிச்ச மெக்கானிக்குங்க இருக்காங்க, முன்கூட்டியே சொல்லி வைங்க.

ரெண்டாவது வாட்ச், மெஷினை ரசிக்கிற கண்ணு வந்தாச்சு, சர்வீஸுக்கு காசு ஒதுக்கி வைக்க முடியும்னா, ஐடபிள்யூசி 854 இல்ல 8541, டேட் இல்லாத 854 கிடைச்சா இன்னும் நல்லது, டயல் சுத்தமா இருக்கும். இதே தரத்துக்கு ரோலக்ஸ்ல கொடுக்கிறதை விட கம்மியா கொடுப்பீங்க. டைம் துல்லியமா இருக்கணும், நாளைக்கு வித்தா காசு திரும்பணும், இந்த ரெண்டும்தான் முக்கியம்னா 1570, வித்தா போகாத ஊரே கிடையாது. யூனிவர்சல் கலெக்‌ஷன்ல மூணாவது நாலாவதா வரட்டும், ஒரே வாட்சா அதை வச்சுக்காதீங்க, எனக்கும் போல்ரூட்டர் மேல கண்ணு இருக்குங்கிறதை மறைக்கல.

கையில காசு இது எதுக்கும் பத்தலைன்னா பழைய ஒமேகா பம்பர் தேடுங்க, கான்ஸ்டலேஷன் பேர் இல்லாத சாதா கேஸ்ல வர்றது, 330 வரிசை நம்பர் எதுவா இருந்தாலும் பரவால்ல. முழு ரோட்டர் வேணும்னு எல்லாரும் ஓடுறதால இதை சீந்துவாரில்ல, அதனாலயே விலை அடங்கி இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி ரோட்டர் ரெண்டு பக்கமும் போய் மோதுற அந்த பஃபர் ஸ்பிரிங் ரெண்டும் முழுசா இருக்கான்னு மட்டும் மூடியை திறந்து பாத்துடுங்க, ஒண்ணு உடைஞ்சிருந்தா பேரம் பேசி குறைக்க அதுவே போதும்.